காற்றின் மேல் ஒரு வழக்கு

எது கெட்டுப்போனாலும், குற்றவாளி இன்னாரென்று அந்த நொடியிலேயே சுட்டிக்காட்டக்கூடிய மனிதர் ஒருவர் இலங்கை மலையகத்து லிந்துலையில் இருந்தார். அவருடைய குற்றவாளி மாறுவதே இல்லை. பருப்பு வேகவில்லையா, காற்று. வானொலி கரகரக்கிறதா, காற்று. கல்யாண வீட்டுக்குப் பந்தி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தாரா, அதற்கும் காற்று. கேரம் பலகையில் சிவப்புக் காயைத் தவறவிட்டு நிமிர்ந்து, திறந்திருந்த சன்னலைப் பார்த்து அவர் மெல்லத் தலையசைத்த விதத்தை நேரில் கண்டவன் நான். அவரை நீதிபதியாக அமர்த்தியிருந்தால் இந்த நாட்டில் மனிதன் எவனும் சிறைக்குப் போயிருக்கமாட்டான். மலைக்காற்று மட்டும் ஆயுள் தண்டனையில் கிடந்திருக்கும்.

ஊர் அவரை ‘டிரைவர்’ என்றது. இளைஞர்களாகிய நாங்கள் ‘டிரைவரண்ணன்’ என்றோம். லிந்துலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் துரைக்கு நெடுங்காலம் கார் ஓட்டியவர். துரை சீமைக்குத் திரும்பியபோது, எஞ்சின் இறுகிப்போய்த் தொழிற்சாலைக் கொட்டகையில் கிடந்த பழைய காரை இவருக்கே விட்டுப் போனார். புதிய துரை புதுக் காரோடும் புது டிரைவரோடும் வந்து இறங்கினார். ஆக, நம்மவருக்கு மிஞ்சியவை ஓடாத ஒரு கார், ஓயாத ஒரு வாய்.

அந்த வாய்க்கு ஈடுகொடுக்க ஆள் இல்லாமலில்லை. அவருடைய மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, லிந்துலைக் கடைவீதியில் ஒரு சிறு அறையில் தையல் மெஷின் போட்டுப் பிழைப்பு நடத்தினார். மெஷினை நிறுத்தாமலே பதில் சொல்லும் திறமை அவருக்கு உண்டு. ஒரு நாள் மதியச் சோற்றுக்கு வெகுநேரம் தாமதித்து வந்த கணவர், எதிர்க்காற்றில் நடக்க முடியவில்லை என்று விளக்கம் கொடுத்தார்.

“போறப்ப அதே காத்து முதுகுல தானே அடிச்சிருக்கும்? அப்ப சீக்கிரமால்ல போயிருக்கணும்” என்றார் அண்ணி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

நான் அந்நாளில் ஹட்டனில் மேல்வகுப்பு மாணவன். விவாத மேடைகளில் எதிரணியின் வாதத்தை முதல் பத்தியிலேயே முறித்துப்போடுகிறவன் என்று எனக்கொரு பெயர் இருந்தது. அது நியாயமாகக் கிடைத்த பெயர் என்றே இன்றும் கருதுகிறேன். அப்படிப்பட்டவனுக்கு டிரைவரண்ணனின் காற்றுக் கொள்கை பெரிய அறைகூவலாக இருந்ததில் வியப்பில்லை. விடுமுறைக்கு ஊர் வந்திருந்த ஒரு நாள், தேநீர்க் கடையில் வைத்து அவரை முறைப்படி எதிர்கொண்டேன். எல்லா விளைவுகளுக்கும் ஒரே காரணத்தைச் சொல்பவர் எந்த விளைவுக்கும் காரணம் சொல்லாதவரே ஆவார் என்று தொடங்கி, மூச்சுவிடாமல் நெடுநேரம் பேசினேன். அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

“நல்லாப் பேசுறீங்க தம்பி. ஹட்டன்ல பேசுற இதே பேச்ச நுவரெலியாவுல மேடு ஏறிக்கிட்டே பேசிப் பாருங்க. பாதியில மூச்சு வாங்கும். அப்ப யாரக் குத்தம் சொல்லுவீங்க?”

கடை முழுவதும் சிரித்தது. சிரிப்பு ஒரு வாதமாகாது என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

ஆயினும் அவர் அதோடு விட்டுவிடவில்லை. எஞ்சினும் மனிதனைப் போலத்தான் என்று விளக்கத் தொடங்கினார். அவருடைய காரின் எஞ்சினுக்குக் காற்றை ஊதித் திணிக்கிற விசிறியோ பம்போ கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது, நாம் நெஞ்சு விரிய மூச்சிழுப்பதுபோல, வெளிக்காற்றைத் தானாகவே இழுத்துக்கொள்ளும். வெளியே எவ்வளவு காற்று இருக்கிறதோ அவ்வளவுதான் அதன் பலம். மலை ஏற ஏறக் காற்று மெலியும். மெலியும் காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலையும் குறைக்காவிட்டால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். இவ்வளவையும் தெளிவாகச் சொல்லி முடித்துவிட்டு, ஆகவே தம் வீட்டுப் பருப்பு வேகாததற்கும் கேரம் காய் தவறியதற்கும் தாம் பொறுப்பல்ல என்று தீர்ப்பும் வழங்கினார். முதற்பகுதி அறிவியல், பிற்பகுதி அடாவடி. இரண்டையும் தையல் தெரியாமல் ஒட்டவைக்கும் கலையில் அவரை மிஞ்சிய பேச்சாளரை நான் எந்த மேடையிலும் சந்தித்ததில்லை.

அவர் காற்றைக் குற்றம் சொல்லாமல் இருந்த ஒரு நாளும் உண்டு.

அண்ணியின் தங்கை எங்கள் தோட்டத்தின் மேல்பிரிவில் வாழ்க்கைப்பட்டிருந்தார். தலைப்பிரசவம் சிக்கலாகிவிட்டது. அந்நாளில் தோட்டத்து நோயாளிகளை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இருந்த ஒரே வண்டி தேயிலைப் பெட்டி ஏற்றும் லொறி. பெட்டிகளை ஏற்றி, நானுஓயா ரயில் நிலையத்தில் இறக்கிய பிறகுதான் அது ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பும். அன்றைக்கும் அப்படியே நடந்தது. தாயும் உயிரோடு போய்ச் சேரவில்லை, பிள்ளையும் போய்ச் சேரவில்லை. இழவு வீட்டில் சிலர் விதி என்றார்கள், சிலர் லொறி என்றார்கள், சிலர் குரலைத் தாழ்த்தித் துரை என்றார்கள். டிரைவரண்ணன் தொழிலாளர் குடியிருப்பான லயத்துச் சுவரோரம் அமர்ந்து தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். காரியங்கள் முடிந்த மறுநாள், நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு தொழிற்சாலைக் கொட்டகைக்குப் போய், அந்தச் செத்த காரைக் கடைவீதி வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

தையல் அறைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் எஞ்சின் உறுப்பு உறுப்பாகப் பிரிக்கப்பட்டது. அண்ணியின் கோணிச் சாக்குகளின் மேல் பிஸ்டன்கள், வால்வுகள், சுருள்வில்கள் எல்லாம் சீர்வரிசைத் தட்டுகளைப்போல வரிசையாகக் கிடந்தன. சிலிண்டர்கள் தேய்ந்து முட்டை வடிவமாகிப் போயிருந்ததால் கண்டிக்கு அனுப்பிக் கடைந்து வட்டமாக்கினார். அந்தப் புது அளவுக்கேற்ற பிஸ்டன்களையும் அவற்றைச் சுற்றிப் பூட்டும் ரிங்குகளையும் ஹட்டனில் வாகனச் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் வாங்கினார். நானா அவரை நன்றாக அறிந்தவர். பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போதே எச்சரித்தாராம்: “இந்தாங்க ரிங். காத்து சரியில்லண்டு திருப்பிக் கொண்டு வாராதீங்க, எடுக்க மாட்டன்.”

வால்வுகளை அவை உட்காரும் இடத்தோடு பொருந்த அரைப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. மணற்பசையைத் தடவி, நுனியில் ரப்பர்க் குமிழ் பூட்டிய குச்சியால் வால்வைப் பிடித்து, இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே தயிர் கடைவதுபோல முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். தையல் வேலை குறைந்த பிற்பகல்களில் அண்ணி வந்து சாக்கின்மேல் அமர்ந்து பாதி வால்வுகளை அரைத்தார். பிறகு மண்ணெண்ணெய் ஊற்றிச் சோதித்தார்கள். அண்ணி அரைத்தவற்றில் ஒரு சொட்டும் கசியவில்லை. அண்ணன் அரைத்ததில் ஒன்று கசிந்தது. நான் அப்போது வாசலில் நின்றிருந்தேன். அவர் என்னையும் பார்த்தார், மனைவியையும் பார்த்தார், கொட்டகையின் திறந்த பக்கத்தையும் பார்த்தார்.

“நான் உக்காந்திருந்த பக்கம் காத்து அடிச்சிச்சு” என்றார்.

அண்ணி அந்த வால்வையும் வாங்கி அரைக்கத் தொடங்கினார்.

எங்கள் தோட்ட மருந்தகத்தை நடத்தியவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த டிஸ்பென்சர் ஐயா. சொற்களை மருந்தைப்போல அளந்து கொடுப்பவர். எஞ்சின் மறுபடி பூட்டப்படுகிறது என்று கேள்விப்பட்டதும் அவரே கொட்டகைக்கு வந்து ஒரு நிபந்தனை விதித்தார். மருந்தக வாசலிலிருந்து நுவரெலியா ஆஸ்பத்திரி வரை, ஆட்கள் நிறைய ஏற்றிக்கொண்டு, இடையில் நிற்காமல் அந்தக் கார் ஏறிக் காட்டவேண்டும். காட்டினால், இனி அவசர நோயாளிகளை லொறிக்குக் காத்திருக்க வைக்காமல் இந்தக் காரில் அனுப்பத் துரையிடம் அவரே அனுமதி வாங்குவார்.

“நடுவழியிலை நிண்டால் நோயாளிக்கு நான் என்ன பதில் சொல்லுறது? நிக்காமல் ஏறட்டும். பிறகு கதைப்பம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சோதனை ஓட்டத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் நாலா பக்கத்துத் தோட்டங்களும் லிந்துலைக் கடைவீதியில்தான் இறங்கி நிற்கும். டிரைவரண்ணன் காரை வீதி நடுவில் நிறுத்திப் பானட்டைத் திறந்தார். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற கார்புரேட்டரின் அடியில் ஒரு சிறிய நட்டு உண்டு. அதை ஒரு பக்கம் திருகினால் பெட்ரோல் கூடும், மறுபக்கம் திருகினால் குறையும். அவர் திருகுவார், கூட்டம் காது கொடுக்கும். அவர் புருவத்தை உயர்த்துவார், கூட்டம் தலையாட்டும். பெட்ரோலைச் சற்றே கூட்டி வைத்தால், நிற்கிற எஞ்சினின் சத்தம் உருண்டு திரண்டு பட்டுப்போல வரும். அந்த இடத்தில் அவர் கையை எடுத்தார். பிறகு கடையிலிருந்து விளிம்புவரை நிரம்பிய தேநீர்க் கிளாஸ் ஒன்றை வாங்கி, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் தலையிலேயே வைத்தார். ஒரு துளி சிந்தவில்லை. மேடையில் நான் வாங்கிய எந்தக் கைதட்டலும் அன்று அவர் வாங்கிய கைதட்டலுக்கு நிகராகாது.

“ஆஸ்பத்திரி இந்தக் கடைவீதியிலயா இருக்கு?” என்று தையல் அறை வாசலில் நின்ற அண்ணி கேட்டார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டுமே அது கேட்டது.

சோதனை நாளன்று டிஸ்பென்சர் ஐயா முன்னிருக்கையில் ஏறினார். பின்னிருக்கையில் அண்ணி, நான், கனத்துக்காகவே அழைத்துவரப்பட்ட பருத்த கங்காணி ஒருவர். மேல்பிரிவுப் பெண்கள் கொழுந்துக் கூடையோடு பாதையோரம் வந்து நின்று பார்த்தார்கள். கார் அழகாகக் கிளம்பியது. நானுஓயா வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கங்காணி தம் கல்யாணத்துக்குப் பிறகு காரில் ஏறுவது இதுவே முதல்முறை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

நானுஓயாவைத் தாண்டி மேடு செங்குத்தாக எழத் தொடங்கியதும் சத்தம் மாறியது. அதுவரை பட்டுப்போல ஒலித்தது, இப்போது சளி கட்டிய தொண்டைபோல ஒலித்தது. பின்கண்ணாடியில் கறுப்புப் புகை தெரிந்தது. கார் ஒருமுறை குலுங்கி, இன்னொருமுறை குலுங்கி, ஒரு வளைவின் நடுவே நின்றேவிட்டது. பனிமூட்டம் எங்களைச் சூழ்ந்துகொண்டது. அண்ணியின் விரல்கள் முந்தானையின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தன. அந்த மேட்டைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரி இருந்தது. லொறியில் போன அவருடைய தங்கையும் அதைத் தாண்டவில்லை.

அப்போது எனக்கு ஒன்று பளிச்சென்று புலப்பட்டது. இத்தனை ஆண்டுகளாகப் பொய் வழக்குகளையே தொடுத்துவந்த மனிதருக்கு, வாழ்நாளில் முதன்முறையாக ஓர் உண்மை வழக்குக் கிடைத்திருக்கிறது! இங்கே காற்று உள்ளபடியே மெலிந்ததுதான். படித்தவரான டிஸ்பென்சர் ஐயா அதை மறுக்க முடியாது. சாட்சி இருக்கிறது, சான்று இருக்கிறது, நடுவரும் முன்னிருக்கையிலேயே இருக்கிறார். அண்ணன் இறங்கிப் பானட்டைத் திறக்கும்போதே நானும் இறங்கி, கடல்மட்டத்திலிருந்து உயர உயர வளிமண்டலத்தின் அடர்த்தி எவ்வாறு குறைகிறது என்று ஐயாவிடம் எடுத்துரைக்கத் தொடங்கிவிட்டேன். அவரும் சன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்தார். இடையிடையே தலையைக்கூட அசைத்தார்.

டிரைவரண்ணன் எஞ்சினிலிருந்து, பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக் ஒன்றைக் கழற்றினார். அடுப்புக்கரியில் தோய்த்ததுபோல அதன் முனை கறுத்திருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

“தம்பி, கொஞ்சம் சும்மா இருங்க” என்றார் என்னிடம். பிறகு டிஸ்பென்சர் ஐயாவைப் பார்த்தார். “ஐயா, இங்க காத்து இப்பிடித்தான் இருக்கும்னு எனக்குத் தெரியும். தொரை கார இத்தன வருசம் இதே ரோட்டுலதான் ஓட்டுனேன். கடைவீதியில கேக்குறவங்களுக்குச் சத்தம் நல்லாருக்கணும்னு பெட்ரோலக் கூட்டி வச்சேன். தப்பு என்னோடது.”

கங்காணி தொண்டையைச் செருமினார். அண்ணி முகத்தைத் திருப்பி, பனியில் ஒன்றுமே தெரியாத மலைப்பக்கம் பார்த்தார். டிஸ்பென்சர் ஐயா அந்தக் கறுத்த பிளக்கை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நோயாளியின் நாக்கைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்தார்.

“காத்தெண்டு சொல்லியிருந்தீரெண்டால் நான் இறங்கி நடந்திருப்பன்” என்றார். “காத்தை ஆர் திருத்துறது? உம்மட பிழையெண்டால் நீர் திருத்தலாம். வாற கிழமை திருப்பி ஓடிக் காட்டும்.”

விவாதக் கலையின் இலக்கணப்படி, தன் கையிலுள்ள மிக வலுவான வாதத்தைத் தானே தூக்கி எறிபவன் தோற்றவன். என் வாதம் சரியானது. எந்த அவையிலும் இன்றும் அதை நிலைநாட்ட என்னால் இயலும். ஆனால் அந்தச் சரியான வாதத்தைக் கொண்டு அந்தக் காரை ஓரடிகூட ஏற்றியிருக்க முடியாது.

அடுத்த சில நாள்கள் டிரைவரண்ணன் கடைவீதியில் தென்படவில்லை. காலையில் பனி விலகியதும் அண்ணியைப் பின்னிருக்கையில் அமர்த்தி, பக்கத்தில் கல் நிரப்பிய சாக்குகளை ஏற்றிக்கொண்டு, கார் நின்றுபோன அதே மேட்டுக்குப் போய்விடுவார். அங்கே கைதட்ட ஒருவருமில்லை. ஏறுவார், நிறுத்துவார், பிளக்கைக் கழற்றி அண்ணியிடம் நீட்டுவார். பெட்ரோலும் காற்றும் பொருந்தி எரிந்தால் பிளக்கின் முனை பால் கூட்டிய தேநீரின் நிறத்தில் இருக்க வேண்டும். கறுத்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்தால் குறைவு. துணிக்கேற்ற நூலை நிறம் பார்த்துத் தேர்ந்தெடுத்துப் பழகிய கண் அண்ணியுடையது. இன்னும் கறுப்பு என்பார். அண்ணன் நட்டை ஓர் இழை திருகுவார். இப்போது வெளுத்துவிட்டது என்பார் அண்ணி. அண்ணன் அரை இழை பின்னுக்குத் திருகுவார். இதையெல்லாம் அண்ணியே பின்னர் எனக்குச் சொன்னார். அந்த நாள்களில் கணவர் ஒருதரம்கூடக் காற்றைத் திட்டவில்லை என்றும், அதுவே தமக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது என்றும் சொன்னார்.

பெட்ரோலைக் குறைத்து மேட்டுக்கென்று பொருத்தப்பட்ட எஞ்சின் கடைவீதிக்கு இறங்கி வந்தபோது அதன் சத்தம் பரிதாபமாக இருந்தது. நிற்கும்போது தடுமாறியது, இருமியது, சிலவேளை அணைந்தும் போனது. முன்பு கைதட்டிய அதே கூட்டம் இப்போது கேலி செய்தது. வண்டிக்குச் சளி பிடித்துவிட்டதா என்று தேநீர்க் கடையில் ஒருவர் கேட்டார்.

“ஆமாங்க. இங்க காத்து சரியில்ல” என்றார் டிரைவரண்ணன்.

இரண்டாவது சோதனை ஓட்டத்தில் நான் இல்லை, பள்ளி திறந்துவிட்டது. கார் நிற்காமல் ஏறியதென்றும், ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய டிஸ்பென்சர் ஐயா “சரி” என்ற ஒரே சொல்லோடு துரை பங்களாவுக்குப் போய் அனுமதி வாங்கினாரென்றும் கங்காணி சொல்லக் கேட்டேன். கங்காணி அதை ஊர் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். காரை ஏற்றியதில் தம் உடற்கனத்துக்கும் பங்கு உண்டு என்பது அவருடைய நம்பிக்கை. ஆனால் கல்லும் கங்காணியும் வேறு, உயிர் வேறு என்பதை எல்லாரும் அறிந்திருந்தார்கள்.

இன்று எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கிற ஒரு பெண்பிள்ளை பிறந்த காலையைச் சொல்லி முடிக்கிறேன்.

அடுத்த விடுமுறையில் ஒரு நாள், கொழுந்து எடுக்கும் நேரம். மேல்பிரிவு லயத்தில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருந்தகத்துக்கு ஆள் ஓடியது. டிஸ்பென்சர் ஐயா காருக்குச் சொல்லி அனுப்பினார். தேயிலைக்கு நடுவிலான பாதையில் நின்றிருந்த என்னைத் தாண்டி அந்தக் கார் இருமிக்கொண்டே லயத்துக்குப் போனது. திரும்பி வந்தபோது பின்னிருக்கையில் அண்ணி அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். டிரைவரண்ணன் யாரையும் பார்க்கவில்லை.

அந்தச் சரிவில் நின்றால் நானுஓயாவுக்கு ஏறும் பாதையின் வளைவுகள் எல்லாம் காதுக்கு எட்டும். கார் பெரிய பாதையைப் பிடித்ததும் அதன் இருமல் நின்றது. சத்தம் ஒரே சீராக, மெல்லியதாக, பிடிவாதமாக ஏறத் தொடங்கியது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கையை நிறுத்தினார்கள். கை நின்றால் கத்துகிற கங்காணி அன்று கத்தவில்லை. அவரும் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். ஒரு வளைவு, மறு வளைவு. பிறகு மலை குறுக்கிட்டது. சத்தம் அறுந்துபோனது.

வலியெடுத்துப் போனவளின் மாமியார் அந்த நிரையில்தான் இருந்தார். கூடைக் கயிற்றை நெற்றியிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாய் திறந்தபடி மேலே பார்த்தார். காற்று தேயிலைமேல் அலைந்தது. அடிவாரத்தில் எங்கோ ஒரு நாய் குரைத்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது.

மலையின் அந்தப் பக்கத்திலிருந்து, முன்னிலும் உயரத்திலிருந்து, ஊசி முனையளவாக அந்தச் சத்தம் மறுபடி கேட்டது.

“நிக்கலடி” என்றார் மாமியார், பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டு. “ஏறிக்கிட்டேதான் இருக்கு.”